ஒருசொல் பல்பொருள்: ஆங்கிலச் ‘செட்’ நடந்த வழி

‘கடி’ என்னும் ஓர் உரிச்சொல் பத்துப் பொருள் தரும் என வகுத்துவிட்டு, அதனோடும் அமையாமல் மேலும் இரண்டு பொருள்களுக்கு இடம் தருகிறது தொல்காப்பிய உரியியல். காப்பு, கூர்மை, விரைவு, புதுமை, அச்சம் என ஒன்றோடொன்று ஒட்டாதன போலத் தோன்றும் பொருள்கள் ஈரெழுத்துச் சொல் ஒன்றில் குடியிருக்கின்றன. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் இத்தகைய சொற்களுக்கெனத் தனித் தொகுதியே ஒதுக்கின. எனவே ‘ஒருசொல் பல்பொருள்’ என்பது தமிழ் பயின்றோர்க்குப் புதிய செய்தியன்று. ஆயினும் நிகண்டு பொருள்களை நிரல்பட உரைக்குமேயன்றி, அவற்றுள் முன்னே பிறந்தது எது, அதிலிருந்து கிளைத்தது எது, எந்நூற்றாண்டில் கிளைத்தது என்பனவற்றை உரைப்பதில்லை. இது குறையன்று, மனப்பாடத்திற்கென எழுந்த செய்யுள் நூலின் இயல்பு.

அந்த வினாக்களை ஒரு மொழியின் எல்லாச் சொற்களிடத்தும் கேட்கத் துணிந்த ஒரு கூட்டத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்தனர். அவர்களை மிகுதியும் அலைக்கழித்தவை இலத்தீனும் கிரேக்கமும் கலந்த நெடுஞ்சொற்கள் அல்ல. குழந்தையும் உழவனும் நாள்தோறும் சொல்லும் சிறு சொற்களே. அவற்றுள்ளும் தலைமையானது, மூன்றே எழுத்தால் ஆன ‘செட்’ என்னும் சொல்.

இருத்தலும் இருத்துதலும்

‘செட்’ என்பதன் பிறப்பைத் தமிழிலக்கணம் அறிந்தவர் பிறரினும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இரு என்பது தன்வினை. இருத்து என்பது பிறவினை. நில், நிறுத்து என்பனவும் அவ்வாறே. ஆங்கிலத்தில் உட்காருதலைக் குறிக்கும் ‘சிட்’ தன்வினை. அதன் பிறவினையே ‘செட்’. உட்காரச் செய்தல், இருத்துதல் என்பதே அதன் முதற்பொருள். இன்றைய ஆங்கிலேயர்க்கு இவ்வுறவு பெரும்பாலும் மறந்துபோயிற்று. இரு சொல்லுக்கும் இடையே உள்ள உயிரெழுத்து வேறுபாடு அவர்களுக்குத் தற்செயலாகவே படும். உண்மையில் அது தற்செயலன்று. கி.பி. நான்காம் நூற்றாண்டில் பைபிள் மொழிபெயர்க்கப்பட்ட கோத்திக் மொழியில் இச்சொல் ‘சத்யன்’ என வழங்கிற்று. ஆங்கிலத்தின் முன்னோர் மொழியில் பின்னே நின்ற யகரம் முன்னே நின்ற அகரத்தைத் தன்பால் இழுத்து எகரமாக்கியது. இழுத்த யகரம் பின்னர் மறைந்தது. செய்தவன் போய்விட்டான், செயல் நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘செத்தன்’, ஜெர்மனில் ‘செட்சன்’, டச்சில் ‘செட்டன்’ என இதே சொல் உடன்பிறப்புகளோடு வாழ்கிறது. வடமொழியில் அமர்தலைக் குறிக்கும் ‘சத்’ என்னும் வேரும் இக்குடும்பத்ததே. ஆதலின் ‘உபநிடதம்’ என்னும் சொல்லும், பறவைக் கூட்டைக் குறிக்கும் ஆங்கில ‘நெஸ்ட்’ என்பதும், குதிரைச் சேணத்தைக் குறிக்கும் ‘சேடில்’ என்பதும் ‘செட்’டுக்குத் தொலைவான உறவினர்.

பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல் இருக்கையை விட்டு எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டது. வைத்தல், நடுதல், நிறுவுதல், ஒருவரைப் பதவியில் அமர்த்துதல், சட்டம் வகுத்தல் எனப் பல பொருளில் அது வழங்கிற்று. நூல் இயற்றுதல் என்னும் பொருளும் அதற்கு இருந்தது என்பது கவிஞர்கள் அறிந்துகொள்ளத்தக்கது. சொல்லை அதற்குரிய இடத்தில் இருத்துதலே நூல் செய்தல் என அம்மக்கள் கருதினர் போலும்.

பின்னர் வந்த பொருள்களை வரிசைப்படுத்தினால் வாழ்க்கையே வரிசைப்படும். தீ வைத்தலும் கண்ணி வைத்தலும் விலை வைத்தலும் ‘செட்’. அணிகலனில் கல் பதித்தல், பிசகிய எலும்பை இடத்தில் பொருத்திக் கட்டுதல், கடிகார முள்ளைத் திருத்தி வைத்தல், கப்பலின் பாய் விரித்தல், உணவு மேசையை ஒழுங்கு செய்தல், வினாத்தாள் அமைத்தல், பாட்டுக்கு இசையமைத்தல் ஆகியனவும் ‘செட்’டே. கேக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பின்னர், ஈய எழுத்துகளைக் கோப்பதற்கும் ஆங்கிலேயர் புதுச்சொல் தேடவில்லை. இருந்த சொல்லே அவ்வேலையையும் ஏற்றுக்கொண்டது. தமிழில் ‘வை’ என்னும் ஓரெழுத்து வினையும் இவ்வாறே பல வீடுகளில் வேலை பார்ப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இவற்றுள் வியப்பளிப்பன இரண்டு. ஞாயிறு மறைவதும் ‘செட்’. குழைத்த சுண்ணமோ பாகோ இறுகுவதும் ‘செட்’. இவை பிறவினைகள் அல்ல. ஞாயிற்றை எவரும் இருத்துவதில்லை. அது தானே இறங்குகிறது. பிறவினையாகப் பிறந்த சொல் மீண்டும் தன்வினையாகி, தான் எதிலிருந்து பிரிந்ததோ அதன் எல்லைக்குள்ளேயே புகுந்துவிட்டது. நாட்டுப்புற ஆங்கிலத்தில் ‘சிட்’ என வேண்டிய இடத்தில் ‘செட்’ என்று சொல்வது இன்றும் உண்டு. பள்ளியாசிரியர்கள் அதனைத் திருத்தியவண்ணம் இருந்தாலும் வழக்கு அவர்களைப் பொருட்படுத்தவில்லை.

இரு ஆறுகளின் கூடல்

இதுவரை கூறியது வினைச்சொல்லின் கதை. பெயர்ச்சொல்லாகிய ‘செட்’டின் கதை வேறு. ஒரே வகைப் பொருள்களின் தொகுதி, ஒத்த கருத்துடையோர் குழு என்னும் பொருளில் வழங்கும் ‘செட்’ செருமானிய வேரில் முளைத்ததன்று. பின்பற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து ‘செக்தா’ என்னும் பெயர் பிறந்தது. ஒருவர் வழியைப் பின்பற்றும் கூட்டம் என்பது அதன் பொருள். அது பழைய பிரெஞ்சில் ‘செத்’ எனத் தேய்ந்து, நார்மானியர் வெற்றிக்குப் பின் ஆங்கிலத்துள் புகுந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்னும் சொல்லும் அதன் இரட்டைப் பிறவியே. முதலில் மனிதர் குழுவைக் குறித்த சொல், பின்னர்க் கிண்ணங்களின் தொகுதிக்கும் கருவிகளின் தொகுதிக்கும் உரியதாயிற்று.

வேறு வேறு மலைகளில் தோன்றிய இரு ஆறுகள் ஒலியால் ஒன்றாகிக் கலந்தபின், மக்கள் வாய்க்கு அவை இரண்டல்ல. ஒழுங்காக வைக்கப்பட்டவை எவையோ அவையே ஒரு தொகுதி என்று பொருளாலும் அவர்கள் இரண்டையும் இணைத்துக்கொண்டனர். சொல்லாய்வாளர் பிரித்துக் காட்டும்போதுதான் கூடலின் சுவடு தெரிகிறது.

‘செட்டில்’ என்னும் உறவுச் சொல்லிலும் இத்தகைய கலப்பு நேர்ந்தது. இருக்கையைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்து, நிலையாகக் குடியமர்தலைக் குறித்தது ஒரு சொல். பகை நீங்கி இணக்கமாதலைக் குறித்தது அதனோடு ஒலியால் நெருங்கிய மற்றொரு சொல். இரண்டும் கலந்தமையால்தான் இன்று வழக்கைத் தீர்ப்பதற்கும் ஊரில் குடியேறுவதற்கும் ஒரே சொல் நிற்கிறது.

‘அப்செட்’ என்பதன் வரலாறோ தலைகீழானது. பதினைந்தாம் நூற்றாண்டில் அதற்குத் தூக்கி நிறுத்துதல் என்பது பொருள். இன்று கவிழ்த்தல், நிலைகுலைதல் என்பது பொருள். கவிழ்க்கும் பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மேலோங்கியது. பழம்பொருள் முற்றும் அழிந்துபோகாமல் ஒரே ஓரிடத்தில் ஒளிந்துகொண்டது. ஏலத்தில் இதற்குக் கீழே விற்பதில்லை என நிறுத்தி வைக்கும் தொடக்க விலைக்கு ‘அப்செட் பிரைஸ்’ என்று பெயர். மனம் கலங்குவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நிறுத்திய விலை என்பதே அதன் பொருள். நீதிமன்ற ஏல அறிவிப்பில் இத்தொடரைக் காண்போர், அறுநூறு ஆண்டுப் பழமை தம் கண்முன் நிற்பதை அறிவதில்லை.

இவ்வளவு பொருள் ஒரு சொல்லில் ஏறியதற்கு வழியமைத்தது ஆங்கில இலக்கண மாற்றமே. பழைய ஆங்கில வினை, தமிழ் வினையைப் போல இடமும் காலமும் காட்டும் ஈறுகளை ஏற்று நின்றது. நார்மானியர் காலத்திற்குப் பின்னர் அவ்வீறுகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. இன்று ‘செட்’ என்பது நிகழ்காலத்திலும் ‘செட்’, இறந்தகாலத்திலும் ‘செட்’, எச்சத்திலும் ‘செட்’. பெயராகவும் ‘செட்’, பெயரடையாகவும் ‘செட்’. தன்னளவில் எதையும் காட்டாத சொல் எங்கும் பொருந்தும். ஈறுகளை இழந்த ஏழ்மையை ஆங்கிலம் இடைச்சொற்களால் ஈடுகட்டியது. ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘இன்’, ‘டவுன்’ என்னும் துணுக்குகளில் ஒன்று பின்னே சேர்ந்தால் பொருள் முற்றிலும் மாறும். நிறுவுதல், புறப்படுதல், வெடிக்கச் செய்தல், எடுத்துரைத்தல், மழைக்காலம் தொடங்குதல், எழுதி வைத்தல் எனக் கிளை பிரியும். வேரை மட்டும் அறிந்து இவற்றை உய்த்துணர முடியாது. ஒவ்வொன்றையும் கேட்டே கற்க வேண்டும். ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் நெடுஞ்சொற்களில் தடுமாறுவதினும் இச்சிறு சேர்க்கைகளில் மிகுதியாகத் தடுமாறுவதன் காரணம் இதுவே.

அரியதும் எளியதும்

இத்தகைய சொற்களின் தொல்லையை முதலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் சாமுவேல் ஜான்சன். 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில், பொருள் நெகிழ்ந்து எல்லை காட்டாமல் அலையும் வினைகளின் பட்டியல் ஒன்றை அவர் தருகிறார். ‘செட்’, ‘ரன்’ ஆகிய இரண்டும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ‘டேக்’ என்னும் ஒரு வினைக்கு மட்டும் 134 பொருள்களை அவர் பிரித்துக் காட்டினார். தனியொருவராய் நின்று, சில எழுத்தர்களின் துணையோடு மட்டும் இதனைச் செய்த பேருழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் ஒரு பொருள் எப்போது பிறந்தது என்பது அவருடைய வினா அன்று.

அவ்வினாவை 1857இல் எழுப்பியவர் ரிச்சர்ட் செனவிக்ஸ் டிரெஞ்ச். இலண்டன் மொழியியற் கழகத்தின் முன் ஆங்கில அகராதிகளின் குறைகளைப் பற்றி உரையாற்றிய அவர், அகராதி செய்பவர் சொல்லின் வரலாற்றை எழுதுபவரேயன்றி நல்லது தீயது எனத் தீர்ப்புரைப்பவர் அல்லர் என்றார். சமயத் தலைவர் ஒருவர் தீர்ப்புரைக்கும் அதிகாரத்தைத் துறக்கச் சொன்னது சிறப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நூல்களிலிருந்து ஆண்டு குறித்த சான்று வேண்டும் என்பது கொள்கையாயிற்று. முதற்பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861இல் முப்பது வயதில் மறைந்தார். பணி தளர்ந்து, 1879இல் ஜேம்ஸ் முர்ரே கைக்கு வந்தது.

ஸ்காட்லாந்தின் டென்ஹோம் என்னும் சிற்றூரில் தையற்காரர் மகனாகப் பிறந்து, பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர் முர்ரே. தாமாகவே பல மொழி பயின்று பள்ளியாசிரியரானார். தோட்டத்தில் இரும்புக் கொட்டகை ஒன்று எழுப்பி, சுவரெங்கும் மரப்புழைகள் அமைத்து, வந்து குவிந்த சீட்டுகளை அவற்றில் வகைப்படுத்தினார். இடப்பக்க மூலையில் சொல், அதன்கீழ் ஆண்டு, ஆசிரியர், நூல், பின்னர் மேற்கோள் வரி: இதுவே ஒரு சீட்டின் அமைப்பு. அவருடைய பதினொரு மக்களும் சிறு கைச்செலவுக்காகச் சீட்டுகளை அகரவரிசைப்படுத்தினர். நூல்களைப் படித்துச் சீட்டு எழுதியனுப்பியவர்கள் ஊதியம் பெறாத பொதுமக்கள். பாத் நகரில் வாழ்ந்த வரலாற்றாசிரியை எடித் தாம்சனும் அவருடைய உடன்பிறந்தாளும் அனுப்பியவை மட்டும் 15,000.

இங்கேதான் எதிர்பாராத இடர் முளைத்தது. சீட்டெழுதும் அன்பர்களின் கண்கள் அரிய சொல்லில் விழுந்தன. எளிய சொல்லை நழுவவிட்டன. வழக்கிழந்த ‘அப்யூஷன்’ என்னும் சொல்லுக்கு ஐம்பது அளவில் சீட்டுகள் கிடைத்தன; நாள்தோறும் வழங்கும் ‘அப்யூஸ்’ என்பதற்கு ஐந்துகூடக் கிடைக்கவில்லை என முர்ரே வருந்தினார். படிப்பவர் கண்ணாடியின் வழியே பார்க்கிறார், கண்ணாடியைப் பார்ப்பதில்லை. ‘செட்’ என்னும் சொல் ஒரு பக்கத்தில் நான்கு முறை வந்தாலும் அதனைக் கண்டு நின்றவர் சிலரே. இந்தக் குறையை நிரப்ப முர்ரேயும் அவருடைய உதவியாளர்களும் எளிய சொற்களுக்காகவே மீண்டும் நூல்களைப் புரட்ட வேண்டியதாயிற்று.

இந்நிலையில் பேருதவியாக நின்றவர்களுள் ஒருவர், மனநோயின் காரணமாகப் பிராட்மூர் காப்பகத்தில் அடைபட்டிருந்த அமெரிக்க மருத்துவர் டபிள்யூ. சி. மைனர். அவர் கண்ணில் பட்டதையெல்லாம் அனுப்பவில்லை. தம்மிடமிருந்த நூல் ஒவ்வொன்றுக்கும் சொல்லடைவு செய்து வைத்துக்கொண்டு, முர்ரே குழுவினர் எந்தச் சொல்லில் உழைக்கின்றனர் என வினவி, அச்சொல்லுக்குரிய சான்றுகளை உரிய வேளையில் அனுப்பினார். அவர் வாழ்வின் கொடுந்துயரைப் பற்றி நூல்களும் திரைப்படமும் பேசிவிட்டன. முறையின் நுட்பத்தை அவை போதிய அளவு பேசவில்லை என்றே தோன்றுகிறது.

ஹென்றி பிராட்லியின் பதினெட்டுப் பக்கம்

‘செட்’ முர்ரேயின் பங்கில் வரவில்லை. சகரத்தின் முற்பகுதி ஹென்றி பிராட்லிக்கு உரியதாயிற்று. ஷெஃபீல்டில் கத்தி, கத்தரி விற்கும் நிறுவனமொன்றில் இருபதாண்டுக் காலம் கடிதம் எழுதும் எழுத்தராக இருந்தவர் பிராட்லி. பட்டம் எதுவுமில்லை. தந்தை மடியில் விரித்து வைத்துப் படித்த பைபிளை எதிரே இருந்து பார்த்துக் கற்றமையால், சிறுவயதில் நூலைத் தலைகீழாகப் படிக்க வல்லவராயிருந்தார் என்பர். 1884இல் அகராதியின் முதற்பகுதி வெளிவந்தபோது, இதழொன்றில் அவர் எழுதிய மதிப்புரையின் ஆழத்தைக் கண்டு வியந்த முர்ரே அவரைப் பணிக்கு அழைத்தார். 1888இல் அவரும் பதிப்பாசிரியரானார். குறை காட்டியவரைப் பகைவராக்காமல் துணைவராக்கிக்கொண்ட செய்தி, இலக்கிய அமைப்புகள் நினைவில் வைக்கத்தக்கது.

1910க்குப் பிந்திய சில ஆண்டுகளில் பிராட்லி ‘செட்’டை எழுதி முடித்தார். அந்த வினை மட்டும் பதினெட்டுப் பக்கங்களைக் கடந்து நீண்டது. ஒவ்வொரு பக்கமும் மூன்று பத்தி கொண்ட பெரும்பக்கம். எழுத்தோ மிகச் சிறிது. 154 முதன்மைப் பிரிவுகள் அமைந்தன. அவற்றுள் இறுதியானது ‘செட் அப்’. அதன் உட்பிரிவுகளைக் குறிக்க ஆங்கில நெடுங்கணக்கு முழுதும் போதாமல், எழுத்துகளை இரட்டித்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. மேசைமேல் பரப்பிய சீட்டுகளை நூற்றாண்டு வாரியாகக் கோத்து, இது தனிப்பொருளா, முன்னதன் நிழலா என ஒவ்வொன்றிலும் முடிவு செய்த அந்த உழைப்பைப் பதினெட்டுப் பக்கங்களைப் புரட்டுபவரே உணரலாம். நெடுஞ்சொல் ஒன்றுக்கு இரண்டு வரி போதும். அதனை எழுதச் சிறிது நேரம் போதும்.

பத்தாண்டில் முடியும் என எண்ணித் தொடங்கிய பணி அது. தம் எண்பதாம் பிறந்தநாளாகிய 1917இல் முடித்துவிடலாம் என நம்பிய முர்ரே, 1915 ஜூலையில் மறைந்தார். பிராட்லி தலைமையேற்று உழைத்து, 1923 மே மாதத்தில் மறைந்தார். வில்லியம் கிரெய்கியும் சி. டி. ஆனியன்ஸும் 1928இல் நிறைவு செய்தனர். நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட சொற்கள், பதினெட்டு இலட்சத்திற்கு மேற்பட்ட மேற்கோள்கள் அதில் அடங்கின. ‘செட்’டை முடித்தவரும், முடிப்பதற்குரிய முறையை வகுத்தவரும் முழு நூலைக் கையில் ஏந்தவில்லை. அவர்களுடைய மகளிர் எலினோர் பிராட்லியும் ரோஸ்ஃப்ரித் முர்ரேயும் அகராதிப் பணியிலேயே பல்லாண்டுகள் உழைத்தனர். முகவுரைகளில் சில வரிகளே அவர்களுக்குக் கிடைத்தன.

எண்ணிக்கை என்னும் மயக்கம்

1989இல் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ வினைக்கு 430 பொருள்கள் கணக்கிடப்பட்டன. அதன் விளக்கம் மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள் கொண்டது. கின்னஸ் சாதனை நூலோ வினையாக 126, பெயராக 58, பெயரெச்ச வடிவில் 10 எனக் கணக்குக் காட்டியது. ஒரே சொல்லுக்கு 154, 194, 430 எனக் கணக்கு வேறுபடுவது வாசகரை மருட்டலாம். இதில் பொய் எதுவுமில்லை. கண்ணி வைத்தலும் வலை வைத்தலும் ஒரு பொருளா, இரு பொருளா என்பதை அகராதியாசிரியரே முடிவு செய்கிறார். பிரிப்பவர் கையில் எண் வளரும். சேர்ப்பவர் கையில் சுருங்கும். ஆற்றுக்கு எத்தனை வளைவு என்பது, எதனை வளைவு எனக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்ததல்லவா?

மூன்றாம் பதிப்பிற்கான திருத்தப் பணியில் ‘செட்’டின் முதலிடம் பறிபோயிற்று. முதலில் ‘மேக்’ அதனை முந்தியது. பின்னர் ‘புட்’ முந்தியது. 2011இல் ‘ரன்’ என்னும் வினைக்கு 645 பொருள்கள் உள்ளன என அறிவிக்கப்பட்டது. அந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுதப் பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியாசிரியர்க்கு ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆயின. இருத்துதலைக் குறிக்கும் சொல்லை ஓடுதலைக் குறிக்கும் சொல் வென்றது என்றும், இயந்திரங்களும் தொடர்வண்டிகளும் நிரல்களும் ‘ஓடும்’ காலத்தின் அடையாளம் இது என்றும் சிலர் எழுதினர். கேட்க இனிதாயினும் இதனை முழுதும் ஏற்க இயலாது. ‘ரன்’ புதிதாகத் திருத்தி எழுதப்பட்டது. அதனோடு ஒப்பிடப்பட்ட ‘செட்’டோ பிராட்லி காலத்துப் பகுப்பைப் பெரிதும் தழுவியது. நூற்றாண்டு இடைவெளியுள்ள இரு தராசுகளில் நிறுத்தவற்றை ஒரே நிறுவை எனக் கொள்ளலாகாது.

கடல் கடந்த சொல்

ஆட்சியோடும் வணிகத்தோடும் இச்சொல் தமிழர் வாழ்விலும் நுழைந்தது. உறவுச் சொல்லே முதலில் வந்தது. கார்ன்வாலிஸ் 1793இல் வங்கத்தில் நிலவரிக்கு ஏற்படுத்திய நிலையான ‘செட்டில்மென்ட்’, 1802ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் நீண்டு, பாளையக்காரர் பலரை ஜமீன்தார்களாக்கியது. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ‘ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ்’ என ஒரே ஆட்சிக்குட்பட்டன. தமிழ்த் தொழிலாளர் கப்பலேறிச் சென்ற கரைகள் அவை. பதிவாளர் அலுவலகங்களில் ‘செட்டில்மென்ட் பத்திரம்’ என்னும் தொடர் இன்றும் வழங்குகிறது. தந்தை மகளுக்கு வீட்டை எழுதி வைக்கும் அந்த ஏட்டில், இருக்கையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் அமைதியாக அமர்ந்திருக்கிறது.

‘செட்’ தனித்து வந்தபோது பெயர்ச்சொல்லாகவே முதலில் ஒட்டியது போலும். தேநீர்க் கிண்ணங்களின் செட்டு, உணவகத்துச் செட் தோசை, திரைப்படத்துக்குப் போடும் செட்டு, ஒன்றாகத் திரியும் நண்பர்களின் செட்டு என அது வளர்ந்தது. இன்றைய இளைஞர் பேச்சில் இரு மனம் பொருந்தாமையையும் உடை பொருந்தாமையையும் ‘செட் ஆகவில்லை’ என்கின்றனர். இடத்தில் பொருந்தி இருத்தல் என்னும் மூலப்பொருளை, ஆங்கில வரலாறு அறியாத வாய்கள் தாமே கண்டடைந்துள்ளன. இதனைக் கொச்சை என ஒதுக்குவோர், டிரெஞ்ச் 1857இல் கூறியதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

தமிழில் ‘செட்டு’ என வேறொரு சொல் முன்பே உண்டு. வணிகம், வணிகர்க்குரிய சிக்கனம் என்பன அதன் பொருள். ‘கட்டும் செட்டுமாக’ வாழ்தல் என்பது வீடுகளில் கேட்கும் தொடர். இலத்தீன் ‘செக்தா’வும் செருமானிய ‘செத்தன்’னும் இங்கிலாந்தில் ஒலியால் ஒன்றானது போல, கடல் கடந்து வந்த செட்டும் தமிழ்ச் செட்டும் இங்கு ஒரே ஒலியில் நிற்கின்றன. பொருளால் அவை இன்னும் கலக்கவில்லை. ‘செட்டாகச் செலவு செய்’ என்னும் தாயின் சொல்லை, வருங்காலத்துப் பிள்ளை எந்தச் செட்டெனக் கொள்ளும் என்பதை இப்போது கூற இயலாது.

கணிதத்தில் இச்சொல் பெற்ற மொழிபெயர்ப்பு தனிக்கதை. ஜெர்மானிய அறிஞர் கேன்டர் ‘மெங்கே’ எனக் குறித்த கருத்துக்கு ஆங்கிலத்திலேயே முதலில் வேறு சொற்கள் போட்டியிட்டன; 1915இல் வந்த ஜோர்டெயினின் மொழிபெயர்ப்பில் ‘அக்ரிகேட்’ என்பதே காணப்படுகிறது. பின்னரே ‘செட்’ நிலைபெற்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதற்குக் ‘கணம்’ எனக் கொண்டன. குழு, கூட்டம் என்னும் வழியில், செக்தாவின் பக்கம் சென்றன. இலங்கைப் பாடநூல்களோ ‘தொடை’ எனக் கொண்டன. தொடுக்கப்பட்டது தொடை, ஒழுங்காகக் கோத்து வைத்தல் என்னும் வழியில், அறிந்தோ அறியாமலோ, பழைய வினையின் பக்கம் அது சென்றுள்ளது. யாழ்ப்பாணத்துப் பள்ளியில் முதற்பாடவேளையில் மாணவி ஒருத்தி இரு தொடைகளுக்குப் பொதுவான உறுப்புகளை வட்டங்களுக்குள் எழுதுவாள். அடுத்த பாடவேளையில் தமிழாசிரியர் வந்து எதுகைத் தொடைக்கு எடுத்துக்காட்டுக் கேட்பார்.